எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறீர்கள்?

(தெல்தெனியவில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் அரை மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிட்டேன். வாசலில் நின்று நீங்கள் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடப் பழக்கம் அது. எனக்கு முகம் மறந்துபோகும், நடை மறக்காது. ஒரு அம்மா ஏறி வந்தார், மூச்சு வாங்கினாலும் நேராகத்தான் ஏறினார். பிறகு கீழே கடையில் குடையை விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பி இறங்கினார். இறங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போனார். இந்த மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் இப்போது அவரவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் இங்கிருந்து தெரிகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் அல்ல. அவர் வெட்டித் தைத்து அனுப்பிய பிறகு ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கவைக்கிற பிசியோ. சத்திரசிகிச்சை முடிந்த அன்று எல்லா முழங்காலும் வெற்றிதான், எல்லாத் தோளும் வெற்றிதான். ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து, பெரஹராவுக்கோ திருவிழாவுக்கோ போன இடத்தில் அதே ஆளைக் காண்கிறவன் நான். இன்று பேசப்போவது முழங்காலிலும் தோளிலும் அந்தப் பிந்திய கணக்கைப் பற்றி.

படி இறங்குவது ஏன் ஏறுவதைவிட வலிக்கிறது? பெர்லினில் ஓர் ஆய்வுக் குழு ஐந்து பேருக்கு மாற்று முழங்கால் பொருத்தியபோது, அந்த உலோகத்துக்குள்ளேயே பாரத்தை அளக்கும் கருவியை வைத்து அனுப்பியது. 2010இல் அளவுகள் வெளியாயின. சமதரையில் நடக்கும்போது முழங்கால்மேல் விழும் உச்ச பாரம் உடல் எடையின் 261 சதவீதம். படி ஏறும்போது 316. இறங்கும்போது 346. அறுபது கிலோ எடையுள்ள அம்மா ஒவ்வொரு படி இறங்கும்போதும் இருநூறு கிலோவுக்கு மேல் அந்த ஒற்றை மூட்டில் இறக்குகிறார். இரண்டு சாக்கு மூட்டையைத் தோளில் சுமக்கிற நாட்டாமையைப் பார்த்து ஐயோ என்கிறோம், நம் முழங்காலைப் பார்த்து யாரும் சொல்வதில்லை.

இந்த ஊரில் அந்தக் கணக்கு இன்னும் கூடுதல். பழைய தெல்தெனிய ஆற்றோரத்தில் இருந்தது. விக்டோரியா அணை கட்டியபோது அந்த ஊர் தண்ணீருக்குக் கீழே போயிற்று, 1985இல் ஜனாதிபதி ஜயவர்தனவும் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தாட்சரும் வந்து அணையைத் திறந்துவைத்தார்கள். கடுமையான வறட்சி வந்தால் பழைய கட்டடங்கள் எட்டிப் பார்க்கின்றன, நாமும் போய்ப் படம் பிடிக்கிறோம். ஊர் மேட்டுக்கு ஏறியது, கூடவே நம் முழங்கால்களும் ஏறின. ரங்கல, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ சரிவு என்பது வேலை செய்யும் தரையே. காலையில் வெறுங்கூடையோடு ஏறி, நிறுவைக்குக் கொழுந்தோடு இறங்குகிறார்கள். பாரம் கூடுகிற நேரத்தில்தான் இறக்கமும் வருகிறது.

முழங்காலை இப்படியே வைத்துவிட்டுத் தோளுக்குப் போகிறேன். இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பிமார் பொறுமை இழப்பது தெரிகிறது.

தோள் மூட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால், தேநீர்க் கோப்பையின் சாசர்மேல் ஒரு தோடம்பழத்தை வைத்த மாதிரி என்பேன். பழம் பெரிது, சாசர் சிறிது, ஆழமும் இல்லை. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது, அதனால்தான் நழுவவும் செய்கிறது. சாசரின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய குருத்தெலும்பு வரம்பு உண்டு. பந்து முன்பக்கமாக வெளியே போகும்போது அந்த வரம்பைக் கிழித்துக்கொண்டுதான் போகும். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே இந்த வியாதி தெரியும். அடிக்கடி நழுவும் தோளுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடச் சொன்னார் அவர், தழும்பு இறுகிப் பந்தைத் தடுக்கும் என்று. கிழிந்த வரம்பை அதே இடத்தில் திரும்பத் தைத்துவிட்டால் போதும் என்று வற்புறுத்தியவர் லண்டனில் இருந்த பாங்கார்ட். 1938இல் 27 பேருக்குத் தைத்ததையும், ஒருவருக்கும் மறுபடி நழுவவில்லை என்பதையும் எழுதினார். இன்றும் அந்தக் கிழிசலுக்கும் அந்தத் தையலுக்கும் அவர் பெயர்தான். இப்போது மூன்று சிறு துளை வழியாகக் கெமராவை விட்டுச் செய்கிறார்கள்.

என்னிடம் ஒரு பையன் வந்தான். பதினேழு வயது, பாடசாலை றக்பி அணி. ஒரு டக்கிளில் வலது தோள் விலகியது. பக்கத்து ஊர் வெதமாத்தயா இழுத்துப் போட்டார், எண்ணெய் கட்டினார். கெடும் பிந்தும் என்கிற நாட்டு எலும்பு வைத்தியத்தை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன், அந்தக் கைகளின் பழக்கம் பெரியது. ஆனால் இழுத்துப் போடுவதோடு கதை முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்ததுதான் பிழை. மூன்று கிழமையில் மறுபடி மைதானம். இரண்டாவது முறை, மூன்றாவது முறை. ஆறாவது முறை மைதானத்தில் இல்லை, கட்டிலில். தூக்கத்தில் கையைத் தலைக்கு மேல் நீட்டினான், கழன்றுவிட்டது.

அவனைப் பரிசோதிக்கும் முன் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “தம்பி, பஸ்ஸில் எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறாய்?”

இடது கை என்றான். இரண்டு வருடமாக இடது கைதானாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையை உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்கிற அந்த நிலைதான் தோள் நழுவுகிற நிலை, நாங்கள் மேசையில் படுக்கவைத்துப் பயம் வருகிறதா என்று சோதிக்கிற நிலையும் அதுவே. கண்டியிலிருந்து திகன வழியாக வரும் பஸ், டிரைவர் ஒரு தரம் பிரேக் போட்டால் அந்தச் சோதனையை இலவசமாகச் செய்துவிடும்.

இளம் வயதில் ஒரு தடவை நழுவிய தோள் திரும்ப நழுவுமா என்பதைச் சுவீடனில் ஹோவிலியஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 25 வருடம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார். கையைத் துணித் தொட்டிலில் போட்டு அசையாமல் வைத்தவர்களுக்கும், உடனே அசைத்தவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் செய்தது வயது. சின்ன வயதில் நழுவியவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தது. அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரி மாணவர்களிடையே 1994இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சை இல்லாதவர்களில் 80 சதவீதத்தினருக்கு மறுபடி நழுவியது, தைத்தவர்களில் 14 சதவீதத்தினருக்கு. எல்லோரும் கடும் பயிற்சியில் இருந்த வாலிபர்கள் என்பதை மறக்க வேண்டாம், என் வயதுக்காரருக்கு இந்த எண் பொருந்தாது. நாற்பதைத் தாண்டியவருக்குத் தோள் நழுவினால் கவலை வேறு: திரும்ப நழுவுவதைவிட, தோளை மூடியிருக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். தோளைச் சரியாகப் போட்டு இரண்டு மூன்று கிழமை கழிந்தும் கையை உயர்த்த முடியவில்லையென்றால் வைத்தியரிடம் திரும்பப் போங்கள்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். ஆறு தடவை நழுவியதில் சாசரின் விளிம்பு எலும்பே தேய்ந்து உடைந்திருந்தது. இது முக்கியம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்ஹார்ட்டும் கேப்டவுனின் டி பியரும் சேர்ந்து, கெமரா வழியாகத் தைத்த 194 தோள்களின் கணக்கைப் போட்டார்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதி தென்னாபிரிக்க றக்பிக்காரர்களுடைய தோள்கள். எலும்பு நல்லபடி இருந்தவர்களில் மறுபடி நழுவியது 4 சதவீதம். எலும்பில் பெரிய குறை இருந்தவர்களில் 67 சதவீதம். மோதி விளையாடுகிறவர்களை மட்டும் எடுத்து, அவர்களில் எலும்புக் குறை உள்ளவர்களைப் பார்த்தால் 89. ஒரே டொக்டர்கள், ஒரே தையல். ஓட்டை விழுந்த சாசருக்கு வரம்பு தைத்து என்ன பயன்? அப்படிப்பட்டவர்களுக்கு பிரான்சின் லத்தார்ஜே 1954இல் விவரித்த வேறு வழி உண்டு. தோளின் முன்னாலுள்ள ஒரு சிறு எலும்புக் கொக்கியை அதன் தசைநாரோடு வெட்டியெடுத்து, உடைந்த விளிம்பில் திருகாணியால் பூட்டுவது. நரம்புகளுக்கு மிக அருகில் செய்யும் பெரிய வேலை. பையனுக்கு அதுதான் செய்தார்கள். முதல் இரண்டு நழுவலுக்குள் வந்திருந்தால் மூன்று துளையோடு முடிந்திருக்கும்.

கண்டிக்காரர்களிடம் தோளைப் பற்றிப் பேசினால் முரளிதரன் வராமல் இருக்கமாட்டார். 2004இல் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து 800ஆவது விக்கெட்டையும் எடுத்தாரே என்பார்கள். எடுத்தார், எனக்கும் பெருமைதான். ஆனால் ஒருவர் தோளைப் பார்த்து இன்னொருவர் தோளுக்குக் கணக்குப் போட்டால் டொக்டரும் தோற்பார், நீங்களும் தோற்பீர்கள்.

இப்போது ஒரு பெயரைச் சொல்கிறேன். அலெக்சாண்ட்ரா கேர்க்லி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர். நம் இரண்டு வியாதிகளும் அந்த ஒரு பெண்ணிடம் வந்து சேர்கின்றன. தோள் சரியாயிற்றா என்பதை எக்ஸ்ரேயிடம் கேட்காமல் தோளின் சொந்தக்காரரிடமே கேட்க வேண்டும் என்று, 1998இல் 21 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்டார்கள். அந்தத் தோளின்மேல் விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்களா, தூங்க முடிகிறதா, வீட்டாரோடு நண்பர்களோடு விளையாட்டாக மல்லுக்கட்ட முடிகிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். அந்தக் கடைசிக் கேள்வியை வாசித்தபோது எனக்கு இந்தப் பெண்மீது தனி மரியாதை வந்தது. 1999இல் அவருடைய ஆய்வு வந்தது. முதல் முறை தோள் நழுவிய, முப்பது வயதுக்குட்பட்ட 40 பேர். பாதிப் பேருக்கு உடனே கெமராத் தையல், பாதிப் பேருக்குத் தொட்டிலும் பயிற்சியும். மறுபடி நழுவியது தைத்தவர்களில் கிட்டத்தட்ட 16 சதவீதம், தைக்காதவர்களில் 47. இளையவர்களுக்குச் சத்திரசிகிச்சை உதவுகிறது.

அதே பெண், அதே மாதிரிக் கேள்வியை முழங்காலிடமும் கேட்டார். தேய்ந்த முழங்காலுக்குள் கெமராவை விட்டுக் கழுவித் துப்புரவாக்குகிற சத்திரசிகிச்சை அப்போது உலகம் முழுக்க நடந்தது. அவருடைய ஆய்வில் பிசியோவும் மருந்தும் மட்டும் ஒரு பகுதியினருக்கு, அதோடு கழுவலும் சேர்த்து மற்றவர்களுக்கு. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கழுவியவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த முடிவு 2008இல் அச்சானபோது கேர்க்லி உயிரோடு இல்லை, 2002இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கட்டுரையில் முதல் பெயர் அவருடையதுதான்.

இதற்கு முன்பே, 2002இல், ஹியூஸ்டனில் மோஸ்லி என்பவர் இன்னும் துணிந்து செய்திருந்தார். 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். நோயாளிக்குச் சந்தேகம் வராதபடி தண்ணீர் தெளிக்கிற சத்தம்கூட எழுப்பினார்கள். கழுவியவர்களும் கழுவாதவர்களும் ஒரே அளவு சுகம் என்றார்கள்.

சிரிக்காதீர்கள். என் அம்மாவையும் அந்தக் கழுவலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தொண்ணூறுகளில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு தனியார் வைத்தியசாலை. நகையை அடகு வைத்துக் கட்டிய காசு. ஆறு மாதம் அம்மா பறந்தார், அதன்பிறகு பழையபடி. நான் பிசியோ படித்தவன், இரவில் எண்ணெய் தேய்த்துவிட்டதும் நான்தான். அந்த ஆறு மாதச் சுகத்துக்குக் காரணம் கழுவலா, நானா, அம்மாவுக்கு என்மேல் இருந்த நம்பிக்கையா என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியாது.

மூட்டு மாற்றுவது வேறு சங்கதி. அது வேலை செய்கிறது. வாஜ்பாய் இந்தியப் பிரதமராக இருந்தபோதே மும்பையில் 2000இல் இடது முழங்காலையும் 2001இல் வலது முழங்காலையும் மாற்றிக்கொண்டார். செய்தவர் நியூயோர்க்கிலிருந்து வந்த ரணாவத். எழுபதுகளில் நவீன மாற்று முழங்காலை உருவாக்கியவர்களில் ஒருவரே வந்து செய்தார். அது பிரதமருக்கு. நமக்கு எவ்வளவு பலன்? டென்மார்க்கில் 100 பேர், 2015. ஐம்பது பேருக்கு மூட்டு மாற்றி அதன்பின் பயிற்சி, உணவு ஆலோசனை. ஐம்பது பேருக்கு மூட்டை மாற்றாமல் பயிற்சியும் ஆலோசனையும் மட்டும். ஒரு வருடம் கழித்து, நூற்றுக்கு அளக்கும் அளவுகோலில் மாற்றியவர்கள் 32.5 புள்ளி முன்னேறினார்கள், மாற்றாதவர்கள் 16. இரண்டு மடங்கு. ஆனால் இன்னொரு பக்கத்தையும் படியுங்கள்: கடுமையான பக்கவிளைவுகள் மாற்றியவர்களிடையே 24, மற்றவர்களிடையே 6. மாற்றாத ஐம்பது பேரில் அந்த வருடத்துக்குள் சத்திரசிகிச்சை கேட்டுப் போனவர்கள் 13 பேர்தான். மீதிப் பேர் பயிற்சியோடு சமாளித்தார்கள்.

மாற்று மூட்டு எத்தனை வருடம் நிற்கும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. 2019இல் தொகுத்த கணக்குப்படி, முழு மாற்று மூட்டுகளில் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன. இங்கேயும் வயது குறுக்கே வருகிறது, தோளில் வந்த மாதிரியே. பிரித்தானியக் கணக்கில், எழுபதுக்கு மேல் மாற்றியவருக்கு மறுபடி மாற்ற வேண்டி வரும் வாய்ப்பு ஆயுளில் ஏறத்தாழ 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கு 35. தோளில் இளையவர் காத்திருந்தால் நட்டம், முழங்காலில் இளையவர் அவசரப்பட்டால் நட்டம். நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: பையனின் தோளை ‘சரியாயிடும்’ என்று விட்டுவிடுகிறோம், ஐம்பது வயதுச் சித்தப்பாவுக்கு முழங்காலை மாற்ற நாள் பார்க்கிறோம்.

கனடாவில் 1703 பேரைக் கேட்டார்கள், 2010இல் வெளியானது. முழங்கால் மாற்றியவர்களில் 19 சதவீதத்தினருக்குத் திருப்தி இல்லை.  நினைத்தது நடக்கவில்லை என்பதுதான் பெரிய காரணம்.

தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார், அறுபத்துமூன்று வயது. கால் கவட்டை விழுந்து வளைந்திருந்தது. மாற்றினார்கள், எக்ஸ்ரேயைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். கால் நேர், வலி இல்லை, நூற்றுப் பத்துப் பாகை மடிகிறது. நான்கு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்து அழுகிறார். “நடக்கிறேன் ஐயா. ஆனா அடுப்பு கீழ இருக்கு, நா மேல நிக்கிறேன்.” லயத்து அடுப்பு தரையில். பலகையில் குந்தி அரை நூற்றாண்டு சமைத்தவர். கக்கூசும் குந்துகிற மாதிரி. குந்துவதற்கு நூற்று முப்பதுக்கு மேல் மடிய வேண்டும், பெரும்பாலான மாற்று மூட்டுகள் அங்கே போவதில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் அவருக்கு இரத்தம், சீனி, இதயம் எல்லாம் பார்த்தோம். அடுப்பு எங்கே இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மகனைக் கூப்பிட்டுப் பேசினோம். தெரிந்த ஒரு மேசன் பாஸைப் பிடித்து, சீமெந்துக் கல்லில் இடுப்பளவு மேடை கட்டி அடுப்பை மேலே ஏற்றினார்கள். நடுவில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் கதிரை கக்கூசுக்கு. அடுத்த முறை பாட்டி சிரித்துக்கொண்டு வந்தார். அந்த முழங்காலின் பலனைக் கூட்டியது ஒரு பாஸும் இருபது கல்லும்.

ஆகவே டொக்டரிடம் போகும்போது ‘சக்சஸ் ஆகுமா’ என்று கேட்காதீர்கள். ஆம் என்றுதான் சொல்வார், அவர் கணக்கில் அது பொய்யுமல்ல. தரையில் உட்கார்ந்து எழும்ப முடியுமா, சுஜூதில் நெற்றி வைக்க முடியுமா, கோயிலில் விழுந்து கும்பிட முடியுமா, மலைக்கு வேலைக்குப் போக முடியுமா என்று உங்கள் நாளைச் சொல்லிக் கேளுங்கள். முழந்தாளிடுவது பலருக்கு முடியும், ஆனால் சுகமாக இராது, கதிரையில் தொழவேண்டி வரலாம். இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு சம்மதித்தவர்கள் பின்னால் அழுவதை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, காத்திருப்பு. நம் நாட்டில் காத்திருப்பு நம் கையில் மட்டும் இல்லை. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைத்தார்கள், மறந்திருக்கமாட்டீர்கள். காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அதை நசுக்குகிற மாதிரித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணுங்கள். காலையில் இருபது, மாலையில் இருபது. தேநீர் கொதிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். எடையில் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஊன்றுகோலை வலிக்கிற காலின் பக்கம் பிடிக்காதீர்கள், எதிர்க் கையில் பிடியுங்கள். சீனி வியாதி கட்டுக்குள் இல்லாமல் மாற்று மூட்டுக்கு அவசரப்படாதீர்கள். கிருமி பிடிப்பது நூற்றில் ஓரிருவருக்குத்தான், பிடித்தால் அந்த ஓரிருவர் படுகிற பாடு பெரும்பாடு.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று முன்வரிசையில் ஒருவர் சைகையால் கேட்கிறார். றக்பி விளையாடவில்லை, அவனே வேண்டாம் என்றான். ஒன்பது மாதம் என்னிடம் பயிற்சிக்கு வந்தான். கடைசி நாளில் அவன் கேட்டது ஒன்றுதான்: “சேர், இனி பஸ்ல வலது கையால பிடிக்கலாமா?” பிடி என்றேன். அதற்குப் பிறகு ஒரு நாள் குண்டசாலையில் நான் ஏறிய பஸ்ஸில் அவன் நின்றான். வலது கை கம்பியில், இடது கையில் போன். என்னைக் காணவில்லை, நானும் கூப்பிடவில்லை.

வெளியே தேநீர் வைத்திருக்கிறார்களாம், கேள்விகளை அங்கே கேட்கலாம். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் கீழே வையுங்கள், ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். தம்பிமாரே, கைப்பிடி உள்ள பக்கத்தைக் குடை வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கு விட்டுவிட்டு, மற்றப் பக்கமாக இறங்குங்கள்.